எட்டு மணி நேரம்தான்க்கா!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, அரியர் எல்லாம் விழாது.

கேள்வி ஒண்ணு: பெங்களூருவிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்துல எவ்வளவு நேரம்?

"சுமார் எட்டு மணி நேரம்"னு சொன்னவங்க கையைத் தூக்குங்க. சூப்பர். நூத்துக்கு நூறு.

கேள்வி ரெண்டு: போச்சம்பள்ளியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு நேரம்?

என்ன பாஸ், திடீர்னு அமைதி? இந்த ரெண்டாவது கேள்விக்குத் தப்பா பதில் சொல்லி ஒருத்தன் மாட்டினான். ஒரு குடும்பத்தையே அந்தப் பதிலை நம்ப வெச்சான். அவன் வேற யாரும் இல்லை, இதை எழுதிட்டு இருக்கிற நான்தான். இந்த வாரம் அந்தக் கதை.

அதுக்கு முன்னாடி ஒரு அறிமுகம். போச்சம்பள்ளின்னு நெட்ல தட்டினா பட்டுப் புடவையா கொட்டும். அது தெலங்கானா போச்சம்பள்ளி. நம்ம ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். புடவை கிடையாது, ஞாயித்துக்கிழமை சந்தை உண்டு. ஆடு, மாடு, புளி, தேங்காய், மாங்காய்னு சுத்துப்பட்டு கிராமமெல்லாம் அங்கேதான் கூடும். 2021-ல ஓலாவோட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகுதான் வெளியூர்க்காரங்க பலருக்கு நம்ம ஊர் பேரே சரியாத் தெரிஞ்சது.

எங்க தெருவுல ஒரு தம்பி. டிப்ளமோ மெக்கானிக்கல். அப்பா கிடையாது. அம்மா கம்பெனி வேலைக்குப் போவாங்க. அவனை வளர்த்தது ஆயாதான். சந்தையில புளி வித்து, அந்தக் காசுல பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்து படிக்க வெச்ச ஆயா. தம்பி ஜப்பானிய மொழி கத்துக்கிட்டான், என்4 லெவல் பாஸ் பண்ணினான். நகோயா பக்கத்துல ஒரு தொழிற்சாலையில வேலை கிடைச்சது. தெருவே கொண்டாடுச்சு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அவங்க அம்மா என்கிட்ட வந்தாங்க. "ஏன் தம்பி, நீ படிச்சவன். சொல்லு. ஏதாவது ஒண்ணுன்னா இவன் எவ்வளவு நேரத்துல வந்து சேருவான்?"

நான் மொபைலை எடுத்தேன். ரெண்டு ஊர் பேரைத் தட்டினேன். பதில் வந்துச்சு. ஸ்டைலா சொன்னேன்: "எட்டு மணி நேரம்தான்க்கா! காலையில ஏறினா சாயங்காலம் வந்துடுவான். இங்கேருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ல போற நேரம் கூட ஆகாது."

அந்த அக்கா முகத்துல ஒரு நிம்மதி. ஆயா திண்ணையில உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தாங்க. "அவ்வளவுதானா?"னு அவங்களும் சிரிச்சாங்க.

அந்த எட்டு எங்கேருந்து வந்தது?

நான் சொன்னது முழுப் பொய்னு சொல்லிட முடியாது. கணக்கைப் பாருங்க. பெங்களூரு விமான நிலையத்துக்கும் டோக்கியோவோட நரிட்டா விமான நிலையத்துக்கும் நடுவுல நேர்தூரம் சுமார் 6,700 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். வகுத்தா ஏழரை வரும். ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் கொஞ்சம் சேர்த்தா எட்டு. சரிதானே?

இந்த 'நேர்தூரம்'னு சொல்றதுலயே ஒரு ட்விஸ்ட் இருக்கு. வகுப்புச் சுவர்ல தொங்குற மேப்ல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டா அது நேர்பாதை ஆகாது. பூமி உருண்டை. ஓர் உலக உருண்டையை எடுத்து, பெங்களூரு மேல நூலோட ஒரு முனையையும் டோக்கியோ மேல மறு முனையையும் வெச்சு இறுக்கிப் பிடிங்க. நூல் வங்காள விரிகுடா, மியான்மர்னு போய் சீனாவுக்குள்ள ஏறும். சரியா பாதி வழி எங்கே வருது தெரியுமா? சீனாவின் சோங்சிங் நகரத்துக்குத் தெற்கே. தட்டையான மேப்ல போட்ட கோட்டைவிட 400 கிலோமீட்டருக்கும் மேல வடக்கே! ஆனா இதுதான் குறுக்கு வழி. இதைத்தான் பெருவட்டப் பாதைன்னு சொல்வாங்க.

அடுத்த ட்விஸ்ட். போக எட்டு மணி நேரம்னா, திரும்பி வரவும் எட்டுதானே? அதான் இல்லை! வர்றதுக்கு ஒன்பதரை, சில நாள் பத்து கூட ஆகும். அதே விமானம், அதே தூரம். வில்லன் யாருன்னா, காத்து.

விமானம் பறக்கிற உயரத்துல மேற்கேயிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரி காத்து ஓடுது. பேரு ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்துல ஜப்பானுக்கு மேல அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கும். போகும்போது முதுகுல தள்ளிவிடும். வரும்போது மூஞ்சியில அறையும்.

இதை முதல்ல அளந்தவர் ஒரு ஜப்பானியர், வாசபுரோ ஓயிஷி. 1920-களில் தட்டேனோங்கிற இடத்துல இருந்த ஆய்வகத்துல பலூன் பறக்கவிட்டுப் பார்த்தார். பலூன் எல்லாம் கிழக்கே பிச்சுக்கிட்டுப் போச்சு. உலகத்துக்கே தெரியணும்னு 1926-ல அறிக்கை எழுதினார். எந்த மொழியில? எஸ்பெராண்டோ! உலகம் முழுக்கப் பேசட்டும்னு உருவாக்கின செயற்கை மொழி. பாவம், வெளிநாட்டுல அதை யாரும் கண்டுக்கலை. இரண்டாம் உலகப்போர்ல ஜப்பான் மேல பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காத்துல சிக்கித் திணறின பிறகுதான் விஷயம் புரிஞ்சது. நல்ல விஷயத்தை யாருக்கும் புரியாத மொழியில சொன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு, செமினார் எடுக்கிற நம்ம எல்லாருக்கும் அது ஒரு பாடம்!

கடிகாரமும் ஒரு பக்கம் கண்ணைக் கட்டும். ஜப்பான் நம்மளைவிட மூன்றரை மணி நேரம் முன்னாடி. போகும்போது எட்டு மணி நேரப் பயணம் டிக்கெட்ல பதினொன்றரை மாதிரி தெரியும். வரும்போது ஒன்பதரை மணி நேரம் வெறும் ஆறு மாதிரி தெரியும். டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். இதை மறந்துட்டு "ஆறு மணி நேரத்துல வந்துட்டானே!"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இதெல்லாம் எனக்கு அப்பவே ஓரளவு தெரியும். ஆனா அந்த அக்கா கேட்டது விமானத்தைப் பத்தி இல்லையே? தன் பையனைப் பத்தி.

முப்பத்தைந்தரை

அவன் போய் பத்தாவது மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஆயா தூக்கத்துலயே போயிட்டாங்க.

தம்பிக்கு இங்கேருந்து போன் மேல போன். வேலை நேரத்துல மொபைல் லாக்கர்ல இருக்கும். அவன் எடுத்துப் பார்த்தப்போ ஜப்பான்ல மதியம் 12 மணி. நமக்குக் காலை எட்டரை. அந்த நிமிஷத்துலேருந்து அவன் வீடு வந்து சேர்ந்த வரைக்கும் கணக்கை அவனே ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கான். அவன் அனுமதியோட சொல்றேன்.

லீவு சொல்லி, ரூமுக்குப் போய், பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் போட 4 மணி நேரம். நேரடி விமானத்தை அன்னிக்குப் பிடிக்க வழியில்லை. ஸோ சிங்கப்பூர் வழி டிக்கெட். லோக்கல் ரயில், புல்லட் ரயில், மறுபடி ரயில்னு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் போக 4 மணி நேரம். அங்கே காத்திருப்பு 4. சிங்கப்பூருக்குப் பறந்தது ஏழரை. சிங்கப்பூர்ல காத்திருப்பு 6. பெங்களூருக்குப் பறந்தது நாலரை. வெளியே வர 1. அப்புறம் காரில் போச்சம்பள்ளி வர நாலரை.

கூட்டிப் பாருங்க. முப்பத்தைந்தரை மணி நேரம். இதுல அவன் பறந்தது வெறும் 12. மீதி இருபத்து மூணரை மணி நேரம் தரையில!

செவ்வாய் சாயங்காலமே எடுத்துடலாம்னு பெரியவங்க சொன்னாங்க. அந்த அக்காதான் விடலை. "எட்டு மணி நேரம்தானே, பையன் வந்துடுவான்"னு சொன்னாங்க. ஐஸ் பெட்டி வரவழைச்சாங்க. ராத்திரி ஆச்சு. புதன்கிழமை விடிஞ்சது. "இன்னும் வரலையா?"னு கேட்டுக் கேட்டு வந்த சொந்தக்காரங்க எல்லாம் என்னைப் பார்த்தாங்க. படிச்சவனாச்சே! மதியம் 12 மணிக்கு எடுத்துட்டாங்க.

அப்போ தம்பி வானத்துல இருந்தான். வீட்டு வாசல்ல வந்து இறங்கினப்போ ராத்திரி 8 மணி. திண்ணை கழுவிவிட்டிருந்தது.

என்னை அவன் ஒரு வார்த்தை சொல்லலை. அவங்க அம்மாவும் சொல்லலை. "உனக்கு என்ன தெரியும் தம்பி, நீ நல்லதுக்குத்தான் சொன்ன"ன்னாங்க. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்குத் தேவலைன்னு இருந்தது.

1943-ல் முப்பத்திரண்டு!

அதுக்கப்புறம்தான் இந்தத் தூரம், நேரம் விஷயத்தையெல்லாம் தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போ கண்ணுல பட்ட ஒரு தகவல். இரண்டாம் உலகப்போர் நேரம், 1943 முதல் 1945 வரை, இலங்கையில காலி பக்கத்துல இருக்கிற கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவோட பெர்த்துக்கும் நடுவுல குவாண்டாஸ் நிறுவனம் கடல் விமானம் ஓட்டுச்சு. 5,600 கிலோமீட்டருக்கு மேல நடுவுல எங்கேயும் நிக்காமப் பறக்கணும். மூணே மூணு பயணிகளைத்தான் ஏத்த முடியும். ஒரே பயணத்துல ரெண்டு தடவை சூரிய உதயம் பார்க்கலாம். பயணிகளுக்கு அதுக்காகச் சான்றிதழே கொடுத்தாங்க. அதிலேயே ரொம்ப நீண்ட பயணம் 32 மணி நேரத்தைத் தாண்டுச்சு.

படிச்சதும் ஆச்சரியமா இருந்தது. எண்பது வருஷத்துக்கு முன்னாடி, போர் நடக்கும்போது, ஆடி அசைஞ்சு போன கடல் விமானத்துக்கு 32 மணி நேரம். ஜெட் யுகத்துல, புல்லட் ரயில் ஓடுற நாட்டுலேருந்து நம்ம தம்பி வீடு வர முப்பத்தைந்தரை. வேகமா போனது விமானம் மட்டும்தான். லீவு, டிக்கெட், காத்திருப்பு, ஹெப்பால் சிக்னல், சில்க் போர்டு ஜங்ஷன், அத்திப்பள்ளி பார்டர் எதுவும் ஜெட் வேகத்துக்கு மாறலையே!

நம்ம ஊர் தள்ளிப் போன கதை

இன்னொரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க. 2008 மே 24-ம் தேதி நம்ம ஊரெல்லாம் டோக்கியோவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சு. பூகம்பம் எல்லாம் இல்லை. அதுவரைக்கும் பெங்களூரு விமான நிலையம்னா அது ஊருக்குள்ள இருந்த எச்.ஏ.எல். விமான நிலையம். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரச் சமாச்சாரம். அன்னிக்குத்தான் தேவனஹள்ளியில புது விமான நிலையம் திறந்தாங்க. அது நகரத்துக்கு வடக்கே. நாம தெற்கே. பெங்களூருவை முழுசா கிழிச்சுக்கிட்டுப் போகணும். போச்சம்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 6,700 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துல தாண்டுற நாம, இந்த 160-ஐத் தாண்ட அதுல பாதி நேரம் செலவழிக்கிறோம்.

'ஓசூர்லயே ஒரு விமான நிலையம் வந்தா என்ன?' கேட்கத் தோணுதா? 2024 ஜூன் 27-ல தமிழக சட்டப்பேரவையில அறிவிச்சாங்க: 2,000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் வந்து போற அளவுக்கு ஓசூர்ல சர்வதேச விமான நிலையம். ஆனா குறுக்கே ஒரு கோடு இருக்கு. பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004-ல போட்ட ஒப்பந்தப்படி, அதைச் சுத்தி 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள, மைசூரு, ஹாசன் தவிர, புது சர்வதேச விமான நிலையம் 25 வருஷத்துக்கு வரக் கூடாது. அதாவது 2033 வரைக்கும். காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுப் பாருங்க. ஓசூர் மட்டுமா? கிருஷ்ணகிரியும் உள்ளே, நம்ம போச்சம்பள்ளியும் உள்ளே!

நம்ம பயண நேரத்தை நம்ம கால்களோ விமான இன்ஜினோ மட்டும் தீர்மானிக்கிறது இல்லை. எங்கேயோ ஒரு மேஜையில போட்ட கையெழுத்தும் தீர்மானிக்குது.

வானத்துலயும் இதே கதைதான். 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ, சுமார் ஒன்பது மணி நேரமா இருந்தது, ஒரே நாள்ல பதிமூணு ஆச்சு. வட துருவத்து மேல சுத்திப் போக வேண்டிய நிலை. நம்ம நாட்டுக்கும் நடந்தது. 2025 ஏப்ரல் 24-ம் தேதி இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடுச்சு. டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கும் அல்மாட்டிக்கும் ஓடிட்டு இருந்த இண்டிகோ சேவைகள் உடனே நின்னுபோச்சு. சுத்தி வளைச்சுப் போற தூரம் அந்த விமானங்களோட எல்லைக்கு வெளியே. மேப்ல ஊர் இருந்த இடத்துலேயேதான் இருந்தது. போகத்தான் வழியில்லை.

மறுபக்கமும் சொல்லணும்ல? 2019 அக்டோபர்ல ஏ.என்.ஏ. நிறுவனம் சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் விட்டது. 2020 மார்ச்ல ஜப்பான் ஏர்லைன்ஸ் பெங்களூரு - நரிட்டா நேரடிச் சேவையைத் தொடங்குறதா இருந்து, கொரோனாவால தள்ளிப்போய், அப்புறம் வந்து சேர்ந்தது. நடுவுல ஓர் ஊர்ல இறங்கி ஏறுறது போச்சுன்னாலே ஆறேழு மணி நேரம் மிச்சம். யாரோ போடுற கையெழுத்து தூரத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

ஒரு பேப்பர் எடுங்க

உங்கள்ல எத்தனையோ பேர் வெளிநாட்டுக் கனவோட இருப்பீங்க. ஜப்பான், தைவான், கொரியா, துபாய்... போங்க பாஸ், தாராளமா போங்க. போகாதேன்னு சொல்றதுக்கு இதை எழுதலை. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இதை மட்டும் எழுதிடுங்க.

உங்க ரூமிலிருந்து விமான நிலையத்துக்கு எத்தனை மணி நேரம்? நேரடி விமானம் வாரத்துல எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு? அது இல்லைன்னா எந்த ஊர் வழியா, அங்கே எவ்வளவு காத்திருப்பு? இங்கே இறங்கின பிறகு வீட்டுக்கு எத்தனை மணி நேரம்? வேலை நேரத்துல அவசரம்னா வீட்டுக்காரங்க யாருக்குப் போன் பண்ணணும்? கடைசி நிமிஷ டிக்கெட்டுக்கான காசு தனியா இருக்கா? பாஸ்போர்ட் எங்கே இருக்கு?

எல்லாத்தையும் கூட்டுங்க. வர்ற எண்தான் உங்க நிஜமான தூரம். அந்தப் பேப்பர்ல ஒரு காப்பி வீட்டுக் காலண்டர் பக்கத்துல ஒட்டுங்க. நம்ம தம்பி இப்போ அப்படித்தான் ஒட்டி வெச்சிருக்கான். ஆபீஸ் போன் நம்பர் கூட அதுல இருக்கு.

போன மாசம் அந்த அக்கா மறுபடி என்கிட்ட வந்தாங்க. இந்த முறை அவங்க பொண்ணு, தம்பியோட தங்கச்சி. அவளுக்கும் ஜப்பான்லயே வேலை. அக்கா அதே கேள்வியைக் கேட்டாங்க. "ஏதாவது ஒண்ணுன்னா, எவ்வளவு நேரத்துல வருவா?"

மொபைலை நான் எடுக்கலை.

"எல்லாம் நல்லா அமைஞ்சா ஒரு நாள்க்கா. இல்லைன்னா ஒண்ணரை நாள்."

அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி. ஒண்ணரை நாள்னு தெரிஞ்சா ஒண்ணரை நாள் காத்திருக்கலாம். தெரியாமக் காத்திருக்கிறதுதான் கஷ்டம்"னு சொல்லிட்டு, பொண்ணுக்குப் புளி கட்டிக் கொடுக்கப் போயிட்டாங்க.

உங்க ஊர் பேப்பர்ல என்ன எண் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க ஃப்ரெண்ட்ஸ். அடுத்த வாரம் பார்க்கலாம். இப்போ ஜூட்!